இல்லை என்று சொன்ன எம்.பி.

அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை “நோ.”

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். சனிக்கிழமைக் காலை, நெற்போல் மைதானம், முழங்கால் இரண்டும் குளிரில் விறைத்துப்போய் நிற்கிறேன். பந்து கைக்கு வந்துவிட்ட சந்தோசத்தில் அதோடு நாலைந்து அடி ஓடியும்விட்டேன். நெற்போல், பெண்பிள்ளைகள் விளையாடுகிற கூடைப்பந்து மாதிரி ஒன்று, அதில் பந்தோடு நடக்கக்கூடாது. நடுவராக நின்ற அவர் விசில் ஊதினார். “அவ என்னைத் தள்ளினவ!” என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன்.

“நோ. நீ பந்தோடு நடந்தாய். பந்து அவர்களுக்கு. அந்தக் கோட்டிலிருந்து எறியட்டும்.” கை நேராக நீண்டு கோட்டைக் காட்டியது. அவ்வளவுதான். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

மைதான ஓரத்தில் சுடுதண்ணிப் போத்தலோடு நின்ற அம்மா, “சின்னப் பிள்ளைதானே, ஒருக்கா விட்டா என்ன இவவுக்கு?” என்று பக்கத்திலிருந்த கிரேக்க அன்ரிக்குத் தமிழிலேயே முறைப்பட்டாராம். கிரேக்க அன்ரியும் கிரேக்கத்திலேயே ஓமென்று ஒத்துக்கொண்டாராம்.

முதலில் விசில், பிறகு காரணம், பிறகு கை காட்டுகிற திசை. நெற்போல் நடுவர்கள் எல்லாரும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்வார்கள், அதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் அதை மைதானத்திலிருந்து மக்வாரி வீதியிலிருக்கிற மாநிலப் பாராளுமன்றம் வரைக்கும் கொண்டுபோன ஒரேயொரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நெற்போலுக்கு இரண்டு நடுவர்கள், மைதானத்தின் பக்கத்துக்கொருவர். மற்றப் பக்கத்து நடுவர் கஷ்டமான ஒரு முடிவைச் சரியாகக் கொடுத்தால், இவர் இங்கிருந்து ஒரு சின்னத் தலையசைப்புக் கொடுப்பார். கைதட்டலும் சிரிப்பும் கிடையாது. தாடை ஒரு விரல் அகலம் இறங்கி ஏறும், அவ்வளவே. நாங்கள் பிள்ளைகள் பந்தைவிட அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களில் ஒருத்திக்கும் அது கிடைத்ததில்லை. விளையாடுகிறவர்களுக்கு அவர் தலையசைப்பதே இல்லை.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்த மனிசியின் அருமை விளங்காது. எங்கள் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல் பாவனையில் இல்லை. அப்பாவிடம் யார் என்ன கேட்டாலும் “பாப்பம்” என்பார். வான் இரவல் கேட்டால் பாப்பம். போக முடியாத கலியாணத்துக்கு அழைத்தால் “பாப்பம், கட்டாயம் வரப் பாக்கிறம்.” காப்புறுதி விற்கிறவன் தொலைபேசியில் அழைத்தால் அரை மணித்தியாலம் கேட்டுவிட்டு அவனுக்கும் ஒரு பாப்பம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அப்பா தலைவரானதே, ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாததால்தான். கூட்டத்தில் எல்லாரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்களாம். அப்பா மட்டும் நிமிர்ந்திருந்திருக்கிறார்.

நான் ஹைஸ்கூல் போன வருடம்தான் அவர் தேர்தலில் நின்றார். அவருடைய கட்சி அதுவரை வென்றறியாத தொகுதி அது. ஆள் கிடைக்காமல்தான் அவரிடம் போனார்கள். ஆனால் கட்சிக்காரர்களுக்கு ஒரு விசயம் தெரிந்திருக்கவில்லை. தொகுதியில் முக்கால்வாசி வீடுகளில் அவரிடம் பெனால்டி வாங்கிய ஒரு பிள்ளை இருந்தது! கதவைத் தட்டினால், “அம்மா, அந்த அம்பயர் வந்திருக்கிறா!” என்று பிள்ளைகள் உள்ளே ஓடின. கரன்ட் பில்லைக் குறைப்பீர்களா என்று கேட்டவர்களுக்கு, “நோ. நான் ஒருத்தி நினைத்தால் அது குறையாது. உங்கள் தெருமுனையில் பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை, அதற்கு வேண்டுமானால் சண்டை பிடிப்பேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். வென்றார். பிறகும் இரண்டு முறை வென்றார். கூரையும் வந்தது. இப்போதும் மழை பெய்தால் அதற்குக் கீழேதான் நான் நிற்கிறேன்.

மந்திரி மட்டும் ஆகவில்லை. அது ஏனென்று அவருடைய தொகுதி அலுவலகத்தில் கேட்டால், மேலாளர் மண்வெட்டிக் கதையைச் சொல்வார். மேலாளர் ஒரு லெபனான்காரர். ஒரு கதையை நாலு குரலில் சொல்லக்கூடியவர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கார்த் தரிப்பிடம் கட்டுவதாக அறிவிக்கக் கட்சியின் பெரிய தலைவர் வந்திருந்தாராம். மஞ்சள் அங்கி, தொப்பி, கமராக்கள். எல்லார் கையிலும் புது மண்வெட்டி.

“இதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“ஒதுக்கப்படும்.”

“அப்படியென்றால் நோ.” மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி மேலாளரின் தலையில் வைத்துவிட்டு, கோப்பி வாங்கப் போய்விட்டாராம். அடுத்த வருடம் பணம் ஒதுக்கியபிறகு தானாகவே போய் மண்வெட்டி பிடித்தார். “ஆனா மந்திரிப் பதவி அந்தக் கோப்பிக் கடையோட போச்சு,” என்று மேலாளர் முடிப்பார். அதைக் கவலையாகச் சொல்லமாட்டார். தன் வீட்டுப் பிள்ளை முதல் பரிசு வாங்கியதுபோலச் சொல்வார்.

யூனிவர்சிற்றி இரண்டாம் வருடத்தில் நான் அந்த அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் தொண்டு செய்யப் போனேன். அரசியல் படிக்கிற பிள்ளை, உலகத்தையே மாற்றலாம் என்று போனேன். வேலை, முன்மேசையில் இருந்துகொண்டு, வருகிறவர்களைக் கதிரையில் இருத்துவது. அப்போதுதான் அந்த ‘நோ’வைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது.

குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ஒரு அங்கிள் வந்தார். எங்கள் தொகுதிகூட இல்லை. தம்பியின் விசா விசயம். மற்ற அரசியல்வாதிகள் எல்லாரும் அவருடைய பேப்பர்களை இரண்டு கையாலும் வாங்கி, முதுகில் தட்டி அனுப்பியிருந்தார்கள். இவர் வாங்கவே இல்லை.

“நோ. விசா கன்பராவில் இருக்கிற கூட்டாட்சி அரசாங்கத்தின் வேலை. நான் மாநில எம்.பி. எனக்கு அதில் ஒரு துளி அதிகாரமும் இல்லை.”

அங்கிளின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பி, “பிள்ளை, இவ என்ன இப்பிடி முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லுறா? வாங்கியாவது வைக்கலாமே!” என்றார்.

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். எம்.பி. என்னைப் பார்த்து, “சொல்லு” என்றார். சொன்னேன். “வாங்கி வைத்தால் இவர் ஆறு மாதம் எனக்காகக் காத்திருப்பார். தம்பிக்கு அந்த ஆறு மாதம் இருக்கிறதா?” என்று கேட்டார். எங்கள் எம்.பி. உடனேயே தொலைபேசியை எடுத்து, அங்கிளின் சொந்தத் தொகுதிக் கூட்டாட்சி எம்.பி.யின் அலுவலகத்தை அழைத்து, அவர் முன்னாலேயே நேரம் வாங்கிக் கொடுத்தார். பிறகு கண்ணாடிக் கதவு வரை வந்து, எந்த ரயில், எந்தப் பக்கம் என்று கை காட்டினார். அங்கிள் போகும்போது, “சரியான கடும் சாமான்,” என்று முணுமுணுத்தார். மூன்று மாதம் கழித்து அவர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தது வேறு கதை. தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. ஆனாலும் மாம்பழம் கொண்டுவந்தார்.

இனி நிலத்துக் கதை.

ரயில் நிலையத்துக்கு அருகே, பிரதான வீதியோரமாக, அரசாங்கத்தின் பழைய பஸ் டிப்போ ஒன்று வெறுமையாகக் கிடந்தது. வேலிக்குள் புல் இடுப்பளவு. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அந்த நிலத்தில் ஒரு கண். எங்களுக்குச் சொந்தக் கட்டிடம் இல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் தகரக் கொட்டில் வகுப்புகளில்தான் சனிக்கிழமைகளில் படிப்பு. கோடையில் பிள்ளைகள் அ, ஆ எழுத முன்னரே வேர்த்து வழியும். தன் தலைமைக் காலத்தில் ஒரு கட்டிடத்தைக் கண்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. அதை அவர் சனங்களுக்கு வாயாலும் விட்டிருந்தார், பாப்பம் என்றில்லை, “எடுப்பம்” என்றே. பள்ளிக் கமிட்டி எம்.பி.யிடம் போய்க் கேட்டது.

“நோ. அந்த இடம் அம்புலன்ஸ் நிலையத்துக்கு. நாலு பக்கமும் சீக்கிரம் போகக்கூடிய நிலம் தொகுதியில் அது ஒன்றுதான்.”

கமிட்டி வீட்டுக்கு வந்து எங்கள் குசினி மேசையைச் சுற்றி இருந்து ஆராய்ந்தது. ஒரு படித்த மனிசி முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லுமா? சொல்லாது. அப்படியென்றால் வேறு ஏதோ மனத்தாங்கல். நெடுநேரம் யோசித்துக் கண்டுபிடித்தார்கள். போன பொங்கல் விழாவில் மற்றக் கட்சிக்காரருக்கு முதலில் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்! அதுவும் அவருக்குப் பெரிய கரை, இவருக்குச் சின்னக் கரை.

“அதுதான் விசயம்,” என்றார் அப்பா. “மனிசி மனசில வச்சிருக்கிறா.”

“அப்பா, ஷீ டஸ்ன்ட் கெயர்!” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? மெரிலேண்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கி, உள்ளங்கை அகலச் சரிகைக் கரையோடு ஒரு பொன்னாடை வாங்கினார்கள். பித்தளைத் தட்டில் பழம், வெற்றிலை, லட்டுப் பெட்டி. ஐந்து பேர் கோட் போட்டுக்கொண்டு தொகுதி அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்மேசையில் நான். அப்பா என்னைத் தெரியாதவர்போல, “எம்.பி.யைப் பார்க்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொன்னாடையைப் போர்த்தினார்கள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். உண்மையாகவே பிடித்துப்போயிற்று, முகத்தில் தெரிந்தது. “இவ்வளவு அழகானதை எனக்கு ஒருவரும் தந்ததில்லை,” என்றார். கமிட்டி ஆளையாள் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டது. லட்டில் பாதியைக் கடித்தார். மென்று விழுங்கினார்.

“பதில் அதேதான். நோ.”

மேலாளர் சிரிப்பை அடக்கப் பின்கதவால் ஓடினார். பொன்னாடையோடேயே இருந்து அவர் கேட்டார்: “கட்டிடம் எதற்கு? வெக்கைக்கா, பெயருக்கா?” கமிட்டியில் எல்லாருக்கும் விளங்க நான் மொழிபெயர்த்தேன். அப்பா, “ரெண்டுக்கும்” என்றார். என் அப்பா எம்.பி.க்குச் சொன்ன முதல் நேரான பதில் அது. “பெயருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வெக்கைக்கு முடியும்,” என்றார் அவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏசி போட்ட நூலகக் கட்டிடம் ஒன்று சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடந்தது. அடுத்த தவணையில் அதன் கதவு எங்களுக்குத் திறந்தது.

ஆனால் தேர்தல் வந்துவிட்டது. எதிர்க்கட்சி வேட்பாளர் எங்கள் பரிசளிப்பு விழா மேடையில் ஏறி, “வணக்கம்” சொல்லி, “டிப்போ நிலம் தமிழ்ப் பள்ளிக்கே! இது என் உறுதி!” என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பா மேடையில் மைக்கோடு நின்றார். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். இவ்வளவு காலத்தில் யாரோ ஒருவர் முதல்முதலாக ஓமென்று சொல்லிவிட்டார்.

அடுத்தது இவர். வருகிற வழியில், காருக்குள், மேலாளர் கெஞ்சியிருந்தார்: “‘பரிசீலிக்கிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. அந்த மண்டபத்தில் இருக்கிற வோட் இல்லாமல் சீற் போய்விடும்.” பின்சீற்றில் இருந்த நானும், “ப்ளீஸ்” என்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. என்ன பதிலென்று எழுதத் தேவையில்லை.

அவர் மைக்கைப் பிடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மேடம், நிலம், யெஸ் ஓர் நோ?”

“நோ. அந்த நிலம் அம்புலன்ஸ் நிலையத்துக்கு. ஒரு நிலத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. நூலகம் உங்களுக்கு இருக்கிறது.” கை தானாக நீண்டு மண்டபச் சுவர் வழியாக நூலகம் இருந்த திசையைக் காட்டியது.

அவர் இறங்கி முன்வரிசையில் இருந்து, கடைசிப் பரதநாட்டியம் வரைக்கும் பார்த்தார். பக்கத்துக் கதிரைகள் இரண்டும் காலியாகவே கிடந்தன.

வீட்டுக்குப் போகும்போது அப்பா திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டு நேரே ஓட்டினார். அம்மாதான் பேசினார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. “போன மாசம் எங்கட ஹோமில ஒரு ஐயாவுக்கு நெஞ்சுவலி. அம்புலன்ஸ் வாற மட்டும் நான்தான் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மனிசி சொன்னதில பிழை என்ன?”

“நீயும் அவவின்ர கட்சியோ?”

“நான் ஒரு கட்சியுமில்லை. நீங்கள் சந்தியை விட்டிட்டியள், திருப்புங்கோ.”

அவர் தோற்றார். சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. மெல்லிய வித்தியாசத்தில் தோற்றார். எண்ணிக்கை முடிய முன்னரே வென்றவரை அழைத்து வாழ்த்தினார். மேலாளர் அழுதார், நான் அழுதேன், அவர் எங்கள் இருவருக்கும் பிட்சா வெட்டித் தந்தார். அம்புலன்ஸ் நிலையத்துக்கு அவர் முன்னமே எல்லாவற்றையும் முடித்துக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்ததால் ஒருவராலும் அதை மாற்ற முடியவில்லை. புது எம்.பி. வந்து ரிபன் வெட்டினார். தமிழ்ப் பள்ளி நிலம் என்னாயிற்று என்று கமிட்டி கேட்டதற்கு, வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். “எங்கட ‘பாப்பம்’தான், இங்கிலீசில சொன்னவர்,” என்றார் அப்பா. அம்மாவின் இல்லத்துக்கு இப்போது அம்புலன்ஸ் வருகிற வேகத்தை அம்மாவிடம் கேட்கவேண்டும், சொந்த மகனின் கார் வருவதுபோல வாசலைப் பார்த்துச் சொல்வார். இவர் திரும்பவும் சனிக்கிழமைகளில் விசிலோடு நிற்கிறார்.

தோல்வி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. காரணம், தேர்தல் நாள் காலை.

வாக்குச்சாவடி எங்கள் பள்ளிக்கூடம்தான். கேற்றடியில் நாங்கள் கட்சி ரீசேர்ட்டோடு துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நிற்கிறோம். உள்ளே ஒரு பக்கம், தேர்தலென்றால் வழக்கமாகச் சொசேஜ் சுட்டு விற்கிற அடுப்பு. மறுபக்கம், கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸோடு தமிழ்ப் பள்ளியின் கடை, நிதி சேர்க்க. அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறார். வரிசை சொசேஜ் வரிசையைவிட நீளம். அதன் கடைசியில், சரிகைக் கரைப் பொன்னாடையைக் கழுத்தில் ஸ்கார்ஃப்போலச் சுற்றிக்கொண்டு, எங்கள் எம்.பி. நிற்கிறார். “முன்னுக்கு வாங்கோ மேடம்” என்று யாரோ கூப்பிட்டதற்கு, “நோ, இவர்கள் எனக்கு முதல் வந்தவர்கள்” என்றார்.

அப்போது எதிர்க்கட்சி வேட்பாளர், படக்காரரோடு, வரிசையைக் கடந்து நேரே கடை முன்னால் வந்தார். அப்பாவின் தோளில் கை போட்டார். கமிட்டி சுற்றிக்கொண்டது. “தலைவரே, உங்கள் சனங்களின் வோட்டை நான் நம்பலாம்தானே?”

அப்பாவின் உதடுகள் ‘பா’வுக்குக் கூடுவதை நான் கேற்றடியில் இருந்தே பார்த்தேன். பிறந்த நாளிலிருந்து பார்த்த உதடுகள். கமரா காத்திருந்தது. கமிட்டியும் காத்திருந்தது. கட்டிடம் வேண்டுமென்றால் இப்போது ஒரு பாப்பம் போதும், ஒரு சிரிப்புப் போதும்.

“நோ,” என்றார் அப்பா.

தன் குரலைக் கேட்டுத் தானே ஒருகணம் திகைத்தார். பிறகு தொடர்ந்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எங்கள் பாசையில் எழுதினால் இப்படி வரும்: “எங்கட சனம் எண்டு ஒரு வோட் இல்லை. ஆளுக்கொரு வோட். நீங்கள் தாறன் எண்ட நிலம் உங்கட கையில இல்லை, அவையளின்ர வோட் என்ர கையில இல்லை.”

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது. அப்பா ரோல்ஸ் எடுக்கிற இடுக்கியோடு கையை நேராக நீட்டி, மைதானத்தின் அந்தக் கோடியைக் காட்டினார்.

“ரோல்ஸ் வேணுமெண்டா, வரிசை அங்கால தொடங்குது.”

நான் கோடியைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் அவர் நின்றார். சிரிக்கவில்லை. கை தட்டவில்லை. அப்பாவை நேரே பார்த்து, தாடையை ஒரு விரல் அகலம் இறக்கி ஏற்றினார்.